தோழியின் கையேட்டுக்கு நான் போட்ட மதிப்பெண்

நான்காவது பக்கத்தில் இருந்த ஒரு வரியைப் படித்ததுமே அது யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "சரக்கை மாற்றுவதற்கு முன் இருப்பு எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். பார்த்தால் ஒரு நிமிடம் போகும். பார்க்காவிட்டால் ஒரு நாள் போகும்." ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஆங்கிலத்துக்குள் எங்கள் குமரி மாவட்டத்துக் குலசேகரம் ஊர்ப் பேச்சின் இழுவை எனக்குக் கேட்டது. மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவர்கள் பொதுவாக இப்படி எழுதுவதில்லை. 'இருப்பைச் சரிபார்க்கவும்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஏன் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுத எனக்குத் தெரிந்து ஒருத்தியால்தான் முடியும்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. கொட்டாரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்து வேலை பார்க்கிறேன். ஜன்னலுக்கு வெளியே வயலும் ரோடும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. நான் கணினியின் முன்னால் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரொம்ப நாள் பார்க்காத ஒருத்தியைச் சந்தையில் கூட்டத்துக்கு நடுவில் பார்த்ததுபோல.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கி எழுதுவதைத்தான் கையேடு என்கிறேன். முன்பு அதை மனிதர்கள் மட்டும் படித்தார்கள். இப்போது ஏஐ ஏஜென்ட்களும் படிக்கின்றன. 'இந்த வேலையை முடித்து வை' என்று சொன்னால், தானே மென்பொருளுக்குள் போய், ஒவ்வொரு படியாகச் செய்து முடிக்கப் பார்க்கும் நிரல்தான் ஏஜென்ட். அதற்கு வழி தெரியாது. கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதற்கு வழி. கையேடு தெளிவாக இருந்தால் ஒழுங்காகச் செய்யும். இல்லாவிட்டால், தெரியாது என்பதே தெரியாமல் எதையாவது செய்துவைக்கும். நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் பல கம்பெனிகள் தங்கள் கையேடுகளை அனுப்புகின்றன. நான் ஏஜென்டிடம் அந்தக் கையேட்டை மட்டும் கொடுத்து, சில வேலைகளைச் சொல்லி, அது எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும். தடுமாறியது ஏஜென்டின் குறையா, எழுத்தின் குறையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கடைசியில் பத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும்.

எழுதியவர்களின் பெயர் எங்களுக்கு வராது. எங்கள் பெயரும் அவர்களுக்குப் போகாது.

அவளும் நானும் திருவனந்தபுரத்தில் ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நான் காலையில் நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறுவேன். அவள் குழித்துறையில் ஏறுவாள். அதற்கு முன்பே குலசேகரத்தில் இருந்து ஒரு பஸ் பிடித்து வந்திருப்பாள். நான் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருப்பேன். அவள் வந்து உட்கார்ந்ததும், வீட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கோ, பழுத்த சக்கைச் சுளையோ ஒரு டப்பாவில் இருந்து வெளியே வரும். ஒன்பது வருஷம் அந்த ரயிலில் போய்வந்தோம். அவள் சர்ச்சில் பாடுகிறவள். நான் சாமித்தோப்பு வைகுண்டர் பதிக்குப் போகிற குடும்பம். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் நான், தை மாதம் எங்கள் வீட்டில் அவள். என் கல்யாணத்தன்று எனக்குப் பூ வைத்துவிட்டதும் அவள்தான்.

எங்களுக்குக் கொடுத்த வேலை கையேடு எழுதுவது. மற்றவர்கள் புரோகிராம் எழுதுவார்கள், நாங்கள் அதை விளக்கி எழுதுவோம். அலுவலகத்தில் எங்களுக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. நாங்கள் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று எங்களிடமே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நான் அதற்குப் பழகிவிட்டேன். அவள் பழகவில்லை.

ஒருமுறை கிடங்குகளுக்கான மென்பொருள் ஒன்றுக்கு அவள் கையேடு எழுத வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலே லீவு போட்டுவிட்டுக் கொல்லத்தில் ஒரு கிடங்குக்குப் போனாள். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் அந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் ரயிலில் அதைத்தான் பேசினாள்.

"ஏட்டி, அவனுவ நின்னுக்கிட்டாக்கும் படிக்கானுவ. ஒரு கையில சாக்கு, ஒரு கையில போன். நீயும் நானும் இங்கிலீஷ்ல நாலு வரி எழுதி வச்சா அவனுவளுக்கு அதப் படிக்க நேரம் உண்டுமா?"

"பின்ன என்னட்டி செய்வ?" என்று கேட்டேன்.

"படம் போடுவேன். எந்தப் பொத்தான அமுக்கினா கொள்ளாதோ, அதுல செவப்பா ஒரு வட்டம் வரைஞ்சு வைப்பேன். இதுல கைய வைக்காதேண்ணு. அது ஆருக்கும் மனசிலாவும்."

அதன் பிறகு அவள் எழுதிய எல்லாக் கையேட்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது. ஆபத்தான இடம் வந்தால் எழுத்து நின்றுவிடும். படம் வரும்.

எனக்கு மகள் பிறந்ததும் நான் வேலையை விட்டேன். அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானதும் அவளும் திருவனந்தபுரத்துக்குப் போவதை நிறுத்தினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிடங்கு மென்பொருள் செய்யும் வேறொரு கம்பெனிக்கு வீட்டில் இருந்தே கையேடு எழுதினாள். கொஞ்ச வருஷம் கழித்து நானும் இந்த மதிப்பீட்டு வேலையில் சேர்ந்தேன். வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொண்டிருந்தது மாதம் ஒருமுறை ஆயிற்று. கடைசியில் பண்டிகைக்குப் பண்டிகை என்றாயிற்று. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அவளுக்கு அம்மா, எனக்கு மகள். அவ்வளவுதான்.

அந்தக் கையேடு என் கைக்கு வந்தபோது எங்கள் படிவத்தின் முதல் கேள்வியே இதுதான்: இதை எழுதியவர் உங்களுக்குத் தெரிந்தவரா? தெரியும் என்று போட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். நான் 'இல்லை' என்று போட்டேன். பெயர் இல்லையே, எனக்கு நிச்சயமாக எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. அவள் எழுத்தை வேறு யாரும் படிப்பதில் எனக்கு விருப்பமில்லை. நான் படித்தால் அதன் அருமை தெரிந்து படிப்பேன், பக்குவமாக நடந்துகொள்வேன் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வேலைகளையும் ஏஜென்ட் நன்றாகவே செய்தது. அவள் விளக்கிய விதத்தில் எங்கேயும் சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது வேலை சாதாரணமான ஒன்று. கெட்டுப்போன மூன்று பெட்டிகளை இருப்புப் பட்டியலில் இருந்து எடுத்துவிட வேண்டும். அந்த மென்பொருளில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேர்ந்தெடுத்த பெட்டிகளை மட்டும் எடுக்கும். மற்றது, அந்தப் பெட்டிகள் இருக்கிற அடுக்கு முழுவதையும் துடைத்துவிடும். துடைத்தால் திரும்ப வராது.

அவள் கையேட்டில் அந்த இடத்தில் இப்படி இருந்தது: "மேலே படத்தில் காட்டியபடி சரியான பொத்தானைத் தேர்ந்தெடுங்கள்." மேலே படம் இருந்தது. இரண்டாவது பொத்தானைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு கை வரைந்து, அதன் குறுக்கே ஒரு கோடு. படம் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் புரியும்.

நாங்கள் சோதித்த அந்த ஏஜென்டுக்கு எழுத்து மட்டும்தான் போகும். படம் போகாது.

அது அடுக்கு முழுவதையும் துடைத்தது. துடைத்துவிட்டு, 'கெட்டுப்போன மூன்று பெட்டிகளும் வெற்றிகரமாக நீக்கப்பட்டன' என்று எழுதியது. சோதனைக்கு வைத்த பொய்க் கிடங்குதான், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் பழையபடி அமைத்து இன்னும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை அதையேதான் செய்தது. ஒரு தடவை மட்டும், எந்தப் பொத்தான் என்று தெளிவாக இல்லை என்று சொல்லி நின்றது.

பிறகு முழுக் கையேட்டையும் அந்தக் கண்ணோடு படித்தேன். எங்கெல்லாம் ஆபத்து உண்டோ அங்கெல்லாம் எழுத்து வாயை மூடிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் படம்தான் சொன்னது.

அறிக்கை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. வழக்கமாக ஒன்றரை நாள் போதும். தெரிந்தவள் என்பதால் இரக்கம் காட்டிவிடக் கூடாது என்ற பயம் வந்துவிட்டது எனக்கு. அந்தப் பயம் என்னை வேறு யாருக்கும் இருந்திராத அளவுக்குக் கறாராக ஆக்கியது. ஒரு வரி விடாமல் குறித்தேன். பிழைச் செய்திகளுக்கு விளக்கம் இல்லாத இடங்கள், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வந்த இடங்கள், 'முன்பு சொன்னதுபோல' என்று எழுதி எங்கே சொன்னது என்று சொல்லாத இடங்கள். ஒவ்வொன்றும் சரியான குற்றச்சாட்டுதான். இப்போது எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒன்றைக்கூட என்னால் திரும்ப வாங்க முடியாது.

ஒரு பத்தி மட்டும் வேறு மாதிரி எழுதினேன். இந்தப் படங்கள் யாருக்காக வைக்கப்பட்டவை, கையில் சுமையோடு நின்று படிக்கிறவர்களுக்கு அவை எவ்வளவு உதவும், அவற்றை எடுத்துவிடாமல் பக்கத்தில் எழுத்திலும் எச்சரிக்கை சேர்த்தால் போதும் என்று. எழுதி முடித்துப் படித்தபோது பயமாக இருந்தது. கிடங்கில் இருப்பவர்கள் நின்றுகொண்டு படிப்பது மதிப்பீடு செய்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? படிவத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறேனே. அந்தப் பத்தியை அழித்துவிட்டேன்.

பத்துக்கு மூன்று போட்டேன்.

தை மாதத்தில் ஒரு நாள் அவள் போன் செய்தாள். குசலம் விசாரித்துவிட்டு, மழை, ரப்பர் விலை, அம்மாவின் முதுகில் வந்த படுக்கைப்புண் எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்க வேல போச்சுட்டி."

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். நாகர்கோவிலில் பஸ் மாறி, தக்கலை தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ரோடு வளைய ஆரம்பித்தது. அவள் கையேட்டுக்கு மதிப்பெண் போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அவள் முற்றத்தில் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உள் அறையில் இருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது.

"மக்ளே, ஆராக்கும் வந்திருக்கது?"

"நான்தாம்மா, கொட்டாரத்துக்காரி," என்றேன்.

"நீயா? இங்கோட்டு வா. இவளுக்கு வேல போயிட்டு, அறிஞ்சியா? ஒண்ணும் திங்கமாட்டேங்கா. நீ சொல்லு கேப்பா."

அம்மாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அவள் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். அப்புறம் முன்னறைக்குக் கூட்டிப்போய், மேஜை இழுப்பறையில் இருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். மார்த்தாண்டத்தில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்திருக்கிறாள். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அறிக்கை.

"ஏஜென்ட் நம்ம டாக்குமென்ட வாசிச்சா என்ன செய்யும்ணு பாக்க, கம்பெனில எங்கயோ வெளிய அனுப்பியிருக்காவ. இது அங்க இருந்து வந்தது. மீட்டிங்கில எல்லாருக்கும் முன்னால போட்டுக் காட்டினாவ. இனி டாக்குமென்ட எல்லாம் மெஷின வச்சே எழுதிக்கலாம்ணு முடிவு பண்ணியாச்சு. எனக்கு ஒரு மாசம் டைம் தந்தாவ."

நான் சாயா டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீயும் இந்த வேலதானே செய்யுத. நீ பாத்துச் சொல்லு. இதுல எழுதியிருக்கது சரியா?"

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஓரங்களில் எல்லாம் பென்சிலால் குறித்திருந்தாள். 'சரி', 'சரி', 'இது நான் கவனிக்கல', 'மாத்தணும்'. வேலை போன பிறகு, மாற்றுவதற்குக் கையேடே அவள் கையில் இல்லாதபோது, உட்கார்ந்து குறித்திருக்கிறாள்.

"சரிதான்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"நானும் அதத்தான் சொல்லுகேன். இது ஆரோ ஒருத்தியாக்கும் எழுதினது, ஆம்பள இப்பிடி எழுதமாட்டான். ஒரு வரி விடாம வாசிச்சிருக்கா, கேட்டியா. இத்தன வருசத்துல எனக்க டாக்குமென்ட இப்பிடி ஒரு ஆளும் வாசிச்சதில்ல. மார்க்கு கொறச்சல்தான். ஆனா எனக்கு அவ மேல கோவமே வரல."

அவள் ஒரு பக்கத்தை விரித்து வைத்தாள். துடைத்துவிடும் பொத்தானைப் பற்றிய பக்கம்.

"ஒண்ணு மட்டும் விட்டுப்போட்டா. அந்தப் படம் ஆருக்கு வச்சதுண்ணு ஒரு வார்த்த எழுதல. எழுதியிருந்தா அவங்க படத்த எல்லாம் கழிச்சிருக்கமாட்டாவ. ம்... பாவம், அவளுக்கு எப்பிடி அறியும்? அவ கிடங்கு கண்டிருப்பாளா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வார்த்தை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வரவில்லை. நான் சாயாவைக் குடித்து முடித்தேன். வேறு வேலை கிடைக்கும், நானும் விசாரிக்கிறேன் என்றேன். அம்மா வெந்நீர் கேட்டார், அவள் எழுந்து போனாள். மத்தியானம் மீன்குழம்பும் மரச்சீனியும் போட்டாள். நான் சொல்லித்தான் அவளும் சாப்பிட்டாள். பஸ் ஏற்றிவிட வந்தபோது, "நீ வந்தது பெரிய காரியம்," என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. மஸ்கட்டில் இருக்கும் கணவரிடம் போனில் சொன்னேன். "நீ உன் வேலையத்தானே செஞ்ச, அவளுக்குத் தெரியவா போகுது?" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். அவளுக்குத் தெரியாது என்பதுதான் என்னால் தாங்கமுடியாததாக இருந்தது. முகம் தெரியாத ஒருத்தியை அவள் மனதில் வைத்து மெச்சிக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு எப்பிடி அறியும் என்று அவளுக்காகப் பரிந்து பேசினாள். ஆனால் எனக்குத் தெரியும். ரயிலில் என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து அவளே சொல்லியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போய்வந்திருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்தேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயந்து, எடுத்த எடுப்பில் சொன்னேன்.

"அந்த ரிப்போர்ட் நான் எழுதினதாக்கும்."

மறுமுனையில் குக்கர் விசிலடித்தது கேட்டது. அது அடங்கியதும் கேட்டாள்.

"எனக்க டாக்குமென்டுண்ணு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நாலாம் பக்கத்துலயே தெரிஞ்சுட்டு."

"அந்தப் படம் ஆருக்குண்ணும் தெரியும்."

"தெரியும்லா. அத எழுதினேன். ஒரு பாரா எழுதினேன். பெறவு அழிச்சுப்போட்டேன்."

"என்னத்துக்கு?"

"நமக்குள்ள பழக்கம்னு கண்டுபிடிச்சிருவாங்களோண்ணு பயந்து."

அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. பேசியபோது குரல் நிதானமாக இருந்தது.

"மார்க்கு போட்டதுக்கு ஒண்ணும் இல்ல. அது சரியான மார்க்காக்கும். நான் உனக்க எடத்துல இருந்தாலும் அதுதான் போடுவேன். ஆனா அண்ணைக்கு எனக்க வீட்டுல இருந்து, நான் அந்தக் காயிதத்தக் காட்டிச் சொல்லச் சொல்ல, ஆரோ மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தியே. நான் ஆரோ ஒருத்தியப் பத்தி உனக்கிட்ட சொல்லுகேன், அவ எனக்க முன்னால இருந்து சாயா குடிக்கா."

"மன்னிச்சிருட்டி," என்றேன்.

"அம்மைக்கு மருந்து குடுக்கணும். வைக்கேன்."

அதன் பிறகு நான் செய்த போன்களை அவள் எடுக்கவில்லை. எடுக்காததற்கு நான் அவளைக் குறைசொல்லவில்லை.

என் மேலாளரிடம் படிவத்தில் பொய் போட்டதை ஒத்துக்கொண்டேன். வீடியோ அழைப்பில்தான் சொன்னேன். அறிக்கையில் தவறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இனி இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வேலையில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கையேடு யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் மதிப்பீட்டில் ஒரு கேள்வியாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல யோசனை, ஆனால் நாம் பார்ப்பது ஏஜென்ட்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் என்று பதில் வந்தது. அதிலும் தவறில்லை. அதுதான் நாங்கள் பார்ப்பது.

சித்திரையில் அதே மென்பொருளின் புதிய கையேடு மறுமதிப்பீட்டுக்கு வந்தது. இந்த முறை படிவத்தில் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை எழுதியது மனிதர் இல்லை. எல்லா எச்சரிக்கையும் எழுத்தில் இருந்தது. எந்தக் கட்டளை எதைச் செய்யும், எதைத் திரும்பப் பெற முடியாது, எந்தப் பிழைக்கு என்ன பொருள் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் அறிக்கையில் நான் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்திருந்தார்கள். ஏஜென்ட் எல்லா வேலைகளையும் முதல் தடவையிலேயே முடித்தது. ஒரு படம்கூட இல்லை. இருப்பைச் சரிபார்க்கவும் என்று இருந்தது. ஒன்பது போட்டேன். போட்டுவிட்டு மாடியில் இருந்து இறங்கிவந்து, மகள் பள்ளியில் இருந்து வரும்வரை அடுக்களையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொல்லத்துக் கிடங்கில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனைப் பார்க்கும் யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டேன். அவரை நான் கண்டதில்லை. அவள்தான் கண்டிருக்கிறாள்.

ஆடி மாதம் அவள் அம்மா இறந்துபோனார். பழைய அலுவலக நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது. போவதா வேண்டாமா என்று யோசிக்கவில்லை, கிளம்பிவிட்டேன். முற்றத்தில் சாமியானா போட்டு, நாற்காலி நிறைய ஆட்கள். சர்ச்சில் இருந்து வந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பெட்டியின் தலைமாட்டில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க," என்றாள்.

இருபது வருஷப் பழக்கத்தில் அவள் என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஏட்டி என்பாள், மக்கா என்பாள், கோபம் வந்தால் இன்னும் என்னென்னவோ சொல்வாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவளும் பிடித்துக்கொண்டாள், எல்லோர் கையையும் பிடித்ததுபோல. பின்னால் நின்றவருக்கு வழி விட்டு நகர்ந்தேன். கல்லறைத் தோட்டம் வரை கூட்டத்தோடு நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மண் போடும்போது அவளுக்குக் குடை பிடிக்க நினைத்தேன், அதற்குள் உறவுக்காரப் பெண் ஒருத்தி பிடித்துவிட்டாள்.

அவள் இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எந்த டாக்டர் எந்த மாடி என்று சொல்லும் வேலை. பழைய நண்பர் ஒருவர் அங்கே போயிருந்தபோது, வரிசையில் நின்ற எழுதப்படிக்கத் தெரியாத ஒரு வயதானவருக்கு அவள் காகிதத்தில் படிக்கட்டும் கதவும் வரைந்து வழிகாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்டேன். அதெல்லாம் பார்த்துச் சொல்ல முடியுமா என்றார்.

கிறிஸ்துமஸுக்கு நான் போன் செய்தேன். எடுத்தாள். "கேக்கு வாங்கியாச்சா?" என்று என்னவோ கேட்டேன். வாங்கியாச்சு என்றாள். மழை உண்டா அங்க என்று கேட்டாள். மகளுக்குப் பரீட்சை எப்ப என்று கேட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், நீ என்றும் சொல்லாமல் நீங்க என்றும் சொல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சைப் பேசிக்கொண்டிருந்தாள். அது கஷ்டமான காரியம். ஒவ்வொரு வாக்கியத்தையும் யோசித்துத்தான் கட்ட வேண்டும். அவளால் அது முடியும்.

என் வேலையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றாள். சரி என்றேன். பொங்கலுக்கு நானே மறுபடி கூப்பிட்டேன், ஐந்து நிமிடம் பேசினோம்.